உண்டாங் பரீட்சைக்குப் படிப்பதும் உடல்நலக் காரியமே



சுகாதாரப் பகுதி என்றால் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, டிங்கிக் கொசு என்றுதானே எழுதுவார்கள், இதென்ன மோட்டார் லைசென்ஸ் சமாச்சாரம் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டில் இந்நாட்டில் டிங்கிக் காய்ச்சலால் மாண்டவர்கள் 100 பேர். அதே ஆண்டில் சாலை விபத்தில் மாண்டவர்கள் 6,443 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கொசுவுக்குப் புகை அடிக்க ஆள் வருகிறது, வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்கிறார்கள். மோட்டாருக்கு யார் வருகிறார்கள்? நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் தோட்டத்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் கிராணியும் டிரசரும் இன்னும் ஓரிருவரும்தான். மற்றவர்களுக்குச் சைக்கிள், அல்லது நடை. இன்று லயத்து வீட்டு வாசலில் மோட்டார் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. மந்தின், லாபு, பாஜம், லெங்கெங் பக்கத்தில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன நம் பிள்ளைகள் விடிவதற்கு முன்னே மோட்டாரில் நீலாய்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். காஜாங்கிலிருந்து செமினி, பெரானாங், மந்தின் வழியாகச் சிரம்பான் போகும் பழைய சாலை நமக்குத் தெரிந்த சாலை. லெக்காஸ் நெடுஞ்சாலை வந்த பிறகும் மந்தின் மலை வளைவுகளில் ஏறி இறங்குகிற வண்டிகளுக்குக் குறைவில்லை. அந்த வளைவில் செம்பனைக்குலை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எப்போதடா முந்துவோம் என்று துடிக்கிற பையன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவனில் பாதிப் பேரிடம் லைசென்ஸ் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில், "உண்டாங்தான் பயமா இருக்கு" என்பது. வண்டி ஓட்டப் பயமில்லை. சட்டம் படிக்கத்தான் பயம். பதினாறு வயது ஆனால் 250 சி.சி. வரைக்குமான பி2 லைசென்சுக்குப் போகலாம், பதினேழில் காருக்கான டி லைசென்சுக்குப் போகலாம். முதலில் கே.பி.பி. 01 என்கிற வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு கணினித் திரையில் 50 கேள்விகள். 42-க்குச் சரியான பதில் தந்தால் தேர்ச்சி. தமிழிலும் எழுதலாம். இவ்வளவுதான் விஷயம். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்பதைப் போல நிற்க வேண்டிய காரியமல்ல இது. உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொன்றாகத் தொடவேண்டியது.

பயப்படுகிறவர்கள் மூன்று குறுக்குவழிகளில் ஒன்றில் போகிறார்கள். லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுவது ஒன்று. "பறக்கிற லைசென்ஸ்" என்று பேர் வைத்து, பரீட்சைக்கே போகாமல் பணம் கொடுத்து வாங்கப் பார்ப்பது இன்னொன்று. அது சட்ட விரோதம் என்பதை விட்டுவிடுங்கள், காசு கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கியவனிடம் உங்கள் பிள்ளைக்கு ஊசி போட விடுவீர்களா? மூன்றாவது, கேள்வித்தாளை மனப்பாடம் செய்வது. இந்த மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. "இந்தப் படம் வந்தா ‘பி’யை அழுத்து, அந்தப் படம் வந்தா ‘சி’யை அழுத்து" என்று அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறான். தம்பியும் தேறிவிடுகிறான். ஆனால் மந்தின் வளைவில் ‘பி’யும் இல்லை, ‘சி’யும் இல்லை. எதிரே லாரிதான் இருக்கிறது.

ஆகவே படியுங்கள், ஆனால் காரணத்தோடு படியுங்கள் என்பதே என் கட்சி. புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு விதியும் நம் உடம்பை அறிந்து எழுதப்பட்டது. கண் எவ்வளவு தூரம் பார்க்கும், கை எவ்வளவு நேரத்தில் அசையும், மண்டை ஓடு எவ்வளவு அடி தாங்கும் என்று பார்த்து எழுதியது. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் விதி தானாக மனசில் நிற்கும்.

வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்று புத்தகத்தில் படித்தால் அது வெறும் எண். நம் கணக்கில் சொல்கிறேன். செம்பனையை மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுகிறோம். 60-இல் போகும் மோட்டார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மரம். குறுக்கே ஒரு நாய் ஓடுகிறது என்று வையுங்கள். கண் பார்த்து, மூளை "பிரேக்" என்று சொல்லி, கை நெருக்குவதற்குள் ஒரு நொடி போய்விடும். அந்த நொடியில் வண்டி கொஞ்சமும் வேகம் குறையாமல் இரண்டு மரம் தாண்டியிருக்கும். பிரேக் பிடித்தபின் காய்ந்த நல்ல சாலையில் இன்னும் சுமார் 20 மீட்டர். ஆக மொத்தம் நாலு மரத் தூரம். இதுவே 90-இல் போனால்? வேகம் ஒன்றரை மடங்குதானே, தூரமும் ஒன்றரை மடங்கு என்று நினைக்காதீர்கள். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஏறக்குறைய எட்டு மரத் தூரம் வேண்டும். அதுவும் மழை இல்லாமல், டயர் தேயாமல், லாரியிலிருந்து உதிர்ந்த பழமும் சேறும் சாலையில் இல்லாமல் இருந்தால். நாளை வேலைக்காட்டில் நிற்கும்போது எட்டு மரத்தை எண்ணிப் பாருங்கள். புத்தகம் சொல்வது அப்போது புரியும்.

இதனால்தான் முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு நொடி இடைவெளி விடச் சொல்கிறார்கள். முன்னே போகும் லாரி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிக நெருங்கிவிட்டீர்கள். மழையில் நாலு நொடி. இன்னொன்றும் லாரி விஷயத்தில் நினைவிருக்கட்டும். ஓட்டுநரின் முகம் அவர் பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. இடப்பக்கம் திரும்பப்போகும் லாரியின் இடுப்போரம் நுழைகிறவன் அவர் கணக்கில் இல்லாத ஆள்.

கோடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பரீட்சையில் பலர் தடுமாறுவது இங்கேதான். நடுவில் இரட்டை வெள்ளைக் கோடு முழுசாகப் போனால் இரு பக்கத்தாரும் முந்தக்கூடாது. ஒன்று முழுசு, ஒன்று விட்டுவிட்டு என்றிருந்தால், உங்கள் பக்கத்துக் கோடு எதுவோ அதுதான் உங்களுக்குச் சட்டம். விட்டுவிட்டு இருந்தால் பார்த்து முந்தலாம், முழுசாக இருந்தால் கூடாது. இரட்டைக்கோடு போட்டிருக்கும் இடத்தை அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். வளைவு இருக்கும், மேடு இருக்கும், எதிரே வருவது தெரியாது. ஒன்றுமில்லாத இடத்தில் சும்மா பெயிண்ட் அடித்துவிட்டுப் போகவில்லை.

தமிழில் பரீட்சை எழுத வெட்கப்படுகிற பிள்ளைகளும் உண்டு. "மலாய்லதான் எழுதுவேன், இல்லாட்டி சிரிப்பாங்க" என்கிறார்கள். எந்த மொழியில் உங்களுக்கு நன்றாகப் புரிகிறதோ அதில் எழுதுங்கள். இதில் மானம் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று. பரீட்சையைத் தமிழில் எழுதினாலும் சாலையில் நிற்கும் பலகை மலாயில்தான் பேசும். அறுபது வயதுப் பாட்டியும் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் அவை. எட்டு மூலைச் சிவப்புப் பலகையில் "பெர்ஹெந்தி" என்றிருந்தால் நின்றே ஆகவேண்டும். வண்டி வரவில்லையே என்று உருட்டிக்கொண்டு போவது நிற்பதாகாது. தலைகீழ் முக்கோணத்தில் "பெரி லாலுவான்" என்றால் வழிவிட வேண்டும். "குராங்கான் லாஜு" வேகத்தைக் குறைக்கச் சொல்வது. "அவாஸ்" எச்சரிக்கை. "லெஞ்சோங்கான்" மாற்றுவழி. "இக்குட் கிரி" இடப்பக்கமாகப் போ. எழுத்தே படிக்கத் தெரியாதவருக்கும் பலகையின் வடிவமும் நிறமும் பேசும். மஞ்சள் நிறத்தில் மூலை மேலே பார்த்து நிற்கும் சதுரம் முன்னால் ஆபத்து என்று எச்சரிப்பது. சிவப்பு வளையம் ஒன்றைத் தடுப்பது. நீல வட்டம் இதைச் செய் என்று கட்டளையிடுவது. வீட்டில் பிள்ளை படிக்கும்போது அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அவனுக்கு அது இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

பரீட்சையோடு நிறப் பார்வைச் சோதனையும் உண்டு. வண்ணப் புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும், அதைச் சொல்ல வேண்டும். ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்கள் நம்மிடையிலும் சிலர் இருக்கிறார்கள். தாய்வழியாக மகனுக்கு வருவது, பிறவியிலேயே இருப்பது. பெண்களுக்கு மிக அரிது. பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. குலை வெட்டுகிறவர்களில் சிலர், பழத்தின் நிறத்தைப் பார்த்துப் பழுப்பு சொல்ல முடியாமல், கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தை எண்ணியே வெட்டுவார்கள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். கேலி வேண்டாம், கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்கு மருந்து கிடையாது, மூலிகையும் கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள். சாலை விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தை வைத்து அறியும் பழக்கம் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். நிறப் பார்வை நன்றாக இருந்து, தூரத்துப் பலகை மங்கலாகத் தெரிகிறவர்கள் இன்னும் அதிகம். நாற்பதைத் தாண்டியவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

தலைக்கவசத்துக்கு வருவோம். இந்நாட்டில் 1973 முதல் அது சட்டம். ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும், தோட்டத்து உள்சாலையில் அது வண்டியின் கண்ணாடியில்தான் தொங்குகிறது. "இங்க போலீஸ் ஏது?" என்கிறார்கள். போலீசுக்காகப் போடுகிற தொப்பி என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2008-இல் மருத்துவர்கள் சொன்ன கணக்கு இது: தலைக்கவசம் போட்டவருக்கு விபத்தில் சாவு நேரும் வாய்ப்பு 42 விழுக்காடு குறைகிறது, தலைக்காயம் 69 விழுக்காடு குறைகிறது. இப்படி ஒரு மருந்து மாத்திரை வடிவில் வந்திருந்தால் கிளினிக் வாசலில் வரிசை நின்றிருக்கும். கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சுக்கட்டிதான் அடியை வாங்குகிறது. தான் நசுங்கி மூளையைக் காக்கிறது. ஒரு தடவை நசுங்கியது மறுபடி எழும்பாது. ஆகவே பலமாக விழுந்து அடிபட்ட கவசத்தை, வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று தம்பிக்குக் கொடுக்காதீர்கள். தாடைவாரை மாட்டாமல் போட்டால் முதல் அடியிலேயே கவசம் பறந்துவிடும், இரண்டாவது அடி வெறுந்தலையில். அப்பா, அம்மா இருவருக்கும் கவசம், நடுவில் பிள்ளை மட்டும் வெறுந்தலையோடு பள்ளிக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வாய்விட்டுத் திட்டத் தோன்றுகிறது. பிள்ளையின் மண்டை நம்முடையதைவிடக் கெட்டியா?

பகலிலும் விளக்கைப் போடச் சொல்லும் சட்டம் 1992-இல் வந்தது. மோட்டார் ஒல்லியான உருவம், எதிரே வருகிறவன் கண்ணுக்கு எளிதில் படாது என்பதே காரணம். பால்வெட்டுக்கு இருட்டிலேயே கிளம்புகிறவர்களுக்கு இதை அதிகம் சொல்லத் தேவையில்லை. பின்விளக்கு எரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

குடியைப் பற்றி இரண்டே வரி. 2020-இல் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை 50 ஆகக் குறைத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிரைப் போக்கினால் முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். குடிக்காதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் தூக்கம் வரவைக்கும். மருந்து வாங்கும்போதே "இதைச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் ஓட்டலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் லைசென்ஸ் என்பது ஆம்பளை சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு, வீட்டுக்காரர் இரவு ஷிப்டில், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், அங்கேயும் ஆள் இல்லை. இப்படிப்பட்ட இரவை அறியாத தோட்டம் உண்டா? வீட்டில் இருக்கிற பெண் ஒருத்தி முறையாக ஓட்டப் படித்திருப்பது, அலமாரியில் மருந்துப்பெட்டி இருப்பதற்குச் சமம். "இந்த வயசுல என்னத்த பரீட்சை" என்று சொல்லாதீர்கள். ஆண்டுக்கணக்காகப் பின்சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தவர் நீங்கள். வளைவு எங்கே, பள்ளம் எங்கே என்று உங்களுக்குத் தெரியாததா? ஆண்களே, மனைவிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கக் கத்துகிறீர்கள் என்று கேள்வி. அதை வாகனமோட்டும் பள்ளியிடம் விட்டுவிடுங்கள், குடும்பத்துக்கு நல்லது.

பதின்மூன்று வயதுப் பையனைக் கடைக்கு மோட்டாரில் அனுப்புகிற தகப்பன்மாருக்கும் சொல்லவேண்டும். அவன் கால் தரையில் எட்டுவது ஒரு தகுதியல்ல. லைசென்ஸ் இல்லாதவன் யாரையாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதே அந்தக் காகிதத்தைத்தான். ஒரு பொட்டலம் சீனிக்காக வீட்டையே கடனில் தள்ளவேண்டாம்.

தோட்ட நிர்வாகங்களிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. அரிவாளுக்கு உறை, காலுக்குப் பூட்ஸ் என்று வேலைக்காட்டில் பாதுகாப்பைப் பேசுகிறீர்கள், நல்லது. அந்த வேலைக்காட்டுக்கு வந்து சேரும் வழியிலும் தொழிலாளிக்குக் கை கால் உடைகிறது. உண்டாங் வகுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ நடத்த வாகனமோட்டும் பள்ளிகளைக் கேட்டுப் பாருங்கள். பரீட்சை நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மைலேசன் என்ற பெயரில் பி2 லைசென்சை இலவசமாக எடுத்துக்கொடுத்த திட்டம் அண்மை ஆண்டுகளில் நடந்தது. அப்படிப்பட்டது மறுபடி அறிவிக்கப்படும்போது அந்தச் செய்தி லயத்து வாசல் வரைக்கும் வந்து சேர வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டிவிட்டால் போதாது. கிளைத் தலைவர்கள் இதைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டும்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால், பெர்கேசோ சட்டம் அதை வேலையிடத்து விபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் உள்ள விஷயம் இது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் நேராகப் போகும் பாதை என்பது முக்கியம். வழியில் நண்பன் வீட்டுக்குத் திரும்பிப் போய் அங்கே விழுந்தால் கணக்கில் வராது. நான்கு நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தால், அந்த நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. போலீஸ் புகார், டாக்டர் சீட்டு, எந்த நேரத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்கிற விவரம், மூன்றையும் பத்திரமாக வைத்து உடனே ஆபீசில் தெரிவியுங்கள். சின்னக் காயம்தானே என்று சொல்லாமல் விட்டு, பிறகு முழங்கால் மடங்காமல் போனபின் அலைகிறவர்கள் உண்டு.

கடைசியாக, பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு. ஒரே இரவில் புத்தகத்தை விழுங்கப் பார்க்காதீர்கள். இரண்டு வாரம், தினம் அரை மணி போதும். முதல் வாரம் பலகைகளும் கோடுகளும். இரண்டாம் வாரம் வழிவிடுதல், முந்துதல், சுற்றுவட்டம். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு முதலிடம் என்பதைக் கையால் மண்ணில் வரைந்து பாருங்கள், படத்தைவிட நன்றாகப் பதியும். முதல் நாள் ஓவர்டைம் செய்யாமல் சீக்கிரம் படுத்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போகவேண்டாம், நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முக்கியமாக. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். மைகார்ட் சட்டைப் பையில் இருக்கட்டும். தேறாவிட்டால் மறுபடி பணம் கட்டி எழுதலாம். எந்தக் கேள்வி தவறியது என்று நினைவிருக்கும்போதே ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.